போல்டரின் விண்வெளி வானிலை சேவை: நம் ஊரிலிருந்து பார்த்தால் எவ்வளவு தேறும்?

விண்வெளி வானிலையைப் பற்றி, அதாவது சூரியனிலிருந்து வரும் கதிரும் துகளும் பூமியைச் சுற்றி உண்டாக்கும் கலக்கத்தைப் பற்றி, ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடம் எஸ்டபிள்யூபிசி. அமெரிக்காவின் நோவா அமைப்பின் கீழ், கொலராடோ மாநிலம் போல்டரில் இயங்கும் விண்வெளி வானிலை முன்கணிப்பு மையம் அது. ‘பூமியை நோக்கி வருகிறது சூரியப் புயல்’ என்று செய்தித் தலைப்பு வந்தால், அதன் மூலம் அநேகமாக இவர்கள் விட்ட அறிவிப்பாகத்தான் இருக்கும். கட்டணம் கிடையாது. பக்கத்தைப் பார்க்கவும் தரவை இறக்கவும் கணக்குத் திறக்க வேண்டியதில்லை. ஹாம் ரேடியோ வைத்திருப்பவர்கள், சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்டிகே ஜிபிஎஸ் கொண்டு நிலம் அளப்பவர்கள், ட்ரோன் சர்வே எடுப்பவர்கள், சிறு செயற்கைக்கோள் குழுக்களில் இருக்கும் மாணவர்கள் ஆகியோருக்கான மதிப்புரை இது. அரோரா என்னும் துருவ ஒளியைப் பார்க்கக் கிளம்புகிறவர்களின் தேவை வேறு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்போது என்ன நடக்கிறது என்று காட்டுவதில் இந்தச் சேவை பிரமாதம். அடுத்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு நன்றாகவே சொல்கிறது. இரண்டு மூன்று நாள் தள்ளி என்றால் சுமார். காந்த நடுக்கோட்டின் மேலேயே குடியிருக்கும் தென்னிந்தியர்களுக்கும் இலங்கையருக்கும், முகப்பில் பெரிதாகத் தெரியும் எண் பல சமயம் பொருந்தவே பொருந்தாது.

முதலில் நேரக் கணக்கு. எல்லாமே யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 5:30 கூட்ட வேண்டும் என்பது தெரிந்ததுதான், ஆனால் தேதி மாறும் இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். அவர்களின் நாள் நமக்குக் காலை 5:30-க்குத் தொடங்குகிறது. மூன்று நாள் அட்டவணையில் 10-ஆம் தேதியின் கடைசிக் கட்டம், அதாவது 21 முதல் 00 வரை, நமக்கு 11-ஆம் தேதி அதிகாலை 2:30 முதல் 5:30 வரை. சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்கள் 8 கூட்டிக்கொள்ளுங்கள். அட்டவணையும் அதோடு வரும் விளக்கக் குறிப்பும் தினம் இரண்டு தடவை, 00:30-க்கும் 12:30-க்கும் வெளியாகும். நமக்குக் காலை 6, மாலை 6. இடையில் பெரிதாக ஏதாவது வெடித்தால் அட்டவணையை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. எச்சரிக்கைச் செய்திகள்தான் முதலில் வரும்.

அந்த விளக்கக் குறிப்பைப் பலர் திறப்பதே இல்லை. இந்தத் தளத்தில் காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருள் ஒன்று உண்டென்றால் அதுதான். எந்தக் கரும்புள்ளித் தொகுதி வளர்கிறது, எந்த வெடிப்பு பூமியை உரசிப் போகும், எதில் முன்கணிப்பாளருக்கே நம்பிக்கை குறைவு என்பதெல்லாம் அதில் இருக்கும். வண்ணக் கட்டங்கள் அந்தத் தயக்கத்தை மறைத்துவிடும்.

இனி அளவுகோல்கள். 1999-இல் கொண்டுவந்த மூன்று எழுத்துகள்: ஆர், எஸ், ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை. ஒரே வரிசையில் ஒரே மாதிரிப் பெட்டிகளில் போட்டிருப்பதால் மூன்றும் ஒரே ரகம் என்று தோன்றும். முன்னறிவிப்பு நேரம் என்று பார்த்தால் மூன்றுக்கும் சம்பந்தமே இல்லை.

ஆர் என்பது ரேடியோ அடைப்பு. சூரியச் சுடரிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை வைத்துச் சொல்வது. சுடரின் வலிமையை எம் (நடுத்தரம்), எக்ஸ் (மிகப் பெரியது) என்று வகுப்பார்கள். எம்1 தொட்டால் ஆர்1, எம்5-க்கு ஆர்2, எக்ஸ்1-க்கு ஆர்3, எக்ஸ்10-க்கு ஆர்4, எக்ஸ்20-க்கு ஆர்5. எக்ஸ் கதிர் ஒளியோடு சேர்ந்தே 8 நிமிடத்தில் வந்துவிடுகிறது. நோவாவின் கோஸ் செயற்கைக்கோளின் வரைபடத்தில் கோடு ஏறுவதை நீங்கள் பார்க்கும்போதே, மின்னேற்றம் பெற்ற மேல் வளிமண்டலமான அயனமண்டலத்தின் டி என்னும் அடி அடுக்கு தடித்து, பகல் பக்கத்தில் சிற்றலை அமுங்கியிருக்கும். ஆகவே ஆர்-க்கு முன்னெச்சரிக்கை என்று ஒன்று கிடையாது. அட்டவணையில் இருக்கும் சதவீதம், இன்றைக்குத் தெரியும் கரும்புள்ளித் தொகுதிகளின் அமைப்பை வைத்து, இந்த மாதிரித் தொகுதிகள் முன்பு எவ்வளவு அடிக்கடி வெடித்தன என்ற கணக்கிலிருந்து தொடங்குவது. இது வாய்ப்பு மட்டுமே, நேரம் சொல்லாது.

ரேடியோக்காரர்களுக்கு ஆர் எண்ணைவிட டி-ராப் வரைபடம் பத்து மடங்கு உபயோகம். எந்த இடத்தில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் வரை அலை உறிஞ்சப்படுகிறது என்று உலகப் படத்தில் நிறம் போட்டுக் காட்டும். சூரியன் நேர் உச்சியில் இருக்கும் இடத்தில் அடி அதிகம். இந்தியாவில் மதியம் என்றால் யூடிசி 6:30 சுற்றி. அப்போது அமெரிக்காவில் நடு இரவு என்பதால் அவர்கள் ஊர் ஹாம்கள் அலட்டிக்கொள்ளாத சுடர் நம்மை முழுக்க அடைத்திருக்கும். தாழ்ந்த அதிர்வெண்தான் முதலில் போகும், கடைசியில் திரும்பும். 7 மெகாஹெர்ட்ஸ் செத்துக் கிடக்கும்போதே 21-லும் 28-லும் பேச முடிகிற நேரம் உண்டு. உச்ச அளவு மட்டுமே ஆர் எண்ணில் வருகிறது, எவ்வளவு நேரம் நீடித்தது என்பது வராது. பத்து நிமிடத்தில் ஏறி இறங்கும் எக்ஸ்1-ஐவிட, இரண்டு மணி நேரம் இழுக்கும் எம்6 அதிகத் தொல்லை. அப்படி இழுக்கிற சுடர்தான் பிளாஸ்மா மேகத்தையும் கூடவே வீசியிருக்க வாய்ப்பு அதிகம்.

எஸ் என்பது புரோட்டான் புயல். 10 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட புரோட்டான்களின் பாய்வு 10 அலகு என்றால் எஸ்1. ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. துருவம் வழியாகப் பறக்கும் விமானங்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் இது பெரிய விஷயம். தரையில் நமக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடத்தை எட்ட ஒரு துகளுக்கு ஏறத்தாழ 17 கிகாவோல்ட் விறைப்பு (காந்தப்புலத்தில் வளையாமல் ஊடுருவும் திறன்) வேண்டும். புவியின் காந்தக் கவசம் மிகத் தடிமனாக இருக்கும் பகுதிகளில் ஒன்று நம்முடையது. எஸ் பெட்டி சிவப்பானால் தமிழ்நாட்டுத் தரையில் கவலைப்பட ஏதுமில்லை.

ஜி என்பது புவிகாந்தப் புயல். செய்தியில் அடிபடுவது இதுதான். புவிகாந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை காட்டும் கேபி குறியீடு 5 என்றால் ஜி1, 6 ஜி2, 7 ஜி3, 8 ஜி4, 9 ஜி5. சூரியனில் வெடித்த பிளாஸ்மா மேகம், சிஎம்இ என்பார்களே, அது பூமியை வந்தடைய பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் எடுக்கும். அதனால் நேரம் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் தெரியவேண்டிய முக்கியமான விஷயம் தெரிவதில்லை.

காரணம் இது. மேகத்தின் வேகம், அகலம், திசை மூன்றையும், சூரிய வட்டை மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் கரோனாகிராஃப் கருவியின் படங்களிலிருந்து கணிக்கலாம். 1995-இல் ஏவிய சோஹோவின் லாஸ்கோ கருவியும், 2024 ஜூனில் ஏவிய கோஸ்-19-இல் இருக்கும் சிசிஓஆர்-1 கருவியும் அதற்குத்தான். அந்த மூன்று அளவையும் வாங்கி என்லில் என்ற கணினி மாதிரி சூரியக் காற்றில் மேகத்தை ஓடவிட்டு, எப்போது வந்து சேரும் என்கிறது. சராசரிப் பிழை 10 மணி நேரம் அளவுக்கு இருக்கும். படத்தில் நள்ளிரவு என்று காட்டினால் அன்று மாலையோ மறுநாள் மதியத்துக்குள்ளோ என்று படித்துக்கொள்ளுங்கள். ஆனால் மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது என்லிலுக்குத் தெரியாது. தெற்கே சாய்ந்திருந்தால் பூமியின் காந்தப்புலத்தோடு இணைந்து கதவு திறக்கும். வடக்கே இருந்தால் எவ்வளவு வேகமாக மோதினாலும் பெரும்பாலும் பிசுபிசுத்துப் போகும். ஜி3 எச்சரிக்கை வந்து ஜி1-இல் முடிவதும், யாரும் ஜி4 எதிர்பாராத 2023 மார்ச் 23–24-இல் ஜி4 வந்து விழுந்ததும் இதனால்தான். முன்கணிப்பாளர்களைத் திட்டிப் பயனில்லை. அளக்கக் கருவி வழியில் இல்லை.

கருவி இருக்கும் ஒரே இடம் எல்1, சூரியன், பூமி இரண்டின் ஈர்ப்பும் சமன்பட்டுச் செயற்கைக்கோள் நிற்கக்கூடிய புள்ளி. பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர். சூரியக் காற்று நொடிக்கு 400 கிலோமீட்டர் என்றால் அங்கிருந்து இங்கு வர ஒரு மணி நேரம் சொச்சம். 800 என்றால் அரை மணிதான். புயல் பெரிதாக ஆக, கையில் கிடைக்கும் நேரம் சுருங்கும்.

எல்1 செயற்கைக்கோள் அனுப்பும் நேரடி வரைபடத்தில் பார்க்க வேண்டியது சிவப்புக் கோடு, பி-இசட், அதாவது காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குச் சாய்வு. பூஜ்யத்துக்குக் கீழே போனால் தெற்கு. ஐந்து நிமிடம் குதித்துவிட்டு மேலே வந்தால் விட்டுவிடுங்கள். மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே தொடர்ந்து மூன்று மணி நேரம் நின்றால் தீவிரப் புயல், இது பழைய, சோதித்துத் தேர்ந்த கணக்கு. வேகக் கோடும் ஒரே நொடியில் படிக்கட்டு மாதிரி ஏறியிருந்தால் அதிர்வலை கடந்திருக்கிறது என்று அர்த்தம்; பெரும்பாலும் சில நிமிடங்களில் ‘திடீர் காந்தத் துடிப்பு எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற எச்சரிக்கையும், எந்த நேரத்திலிருந்து எந்த நேரத்துக்குள் என்ற சாளரத்தோடு வரும். மொத்தச் சேவையிலும் துல்லியம் அதிகமான முன்னறிவிப்பு அந்தச் சிறு செய்திதான்.

2024 மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3664 எண் கரும்புள்ளித் தொகுதி ஒன்றன்பின் ஒன்றாக மேகங்களை வீச, மே 9-ஆம் தேதி ஜி4 கண்காணிப்பு அறிவிப்பு விட்டார்கள்; 2005 ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. மறுநாள் நம் நேரம் இரவு பத்து மணியைத் தாண்டி அதிர்வலை வந்தது. பி-இசட் மைனஸ் 40-க்கும் கீழே போனது. 22:54 யூடிசிக்கு, நமக்கு 11-ஆம் தேதி அதிகாலை 4:24, ஜி5 என்று அறிவித்தார்கள். 2003 அக்டோபருக்குப் பின் முதல் ஜி5. அளவில் ஒரு படி குறைத்துச் சொன்னாலும் ஒரு நாளுக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள்; இந்தத் துறையில் அது நல்ல மதிப்பெண். அமெரிக்க மத்திய மேற்கில் அது விதைப்புக் காலம், ஆர்டிகே வழிகாட்டலில் ஓடிய டிராக்டர்கள் வரிசை தவறி நின்றன. லடாக்கின் ஹான்லே வானியல் கூடத்தின் கேமராவில் வானம் சிவந்து பதிவானது.

ஜி அளவுகோலின் இன்னொரு கோளாறும் அந்தப் புயலில் வெளிப்பட்டது. கேபி 9-க்கு மேல் எண் இல்லை. 2024 மே, கியூபெக் மாகாணமே இருட்டில் மூழ்கிய 1989 மார்ச், 1859-இன் கேரிங்டன் புயல், எல்லாம் ஒரே ஜி5 பெட்டிக்குள் அடங்கும். நடுக்கோட்டுப் பக்கம் காந்தப்புலம் எவ்வளவு சரிந்தது என்று நானோடெஸ்லாவில் காட்டுவது, கியோட்டோ வெளியிடும் டிஎஸ்டி குறியீடு; அதில் 2024-க்கு ஏறத்தாழ மைனஸ் 400, 1989-க்கு மைனஸ் 589. பம்பாய் கொலாபாவின் காந்தமானி 1859-இல் பதித்த சரிவு 1,600 நானோடெஸ்லா. பெரிய புயலின்போது டிஎஸ்டியையும், ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் தரும், மேல் வரம்பில்லாத எச்பி30 குறியீட்டையும் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

கீழ்ப்பக்கத்திலும் அதே கதை. ஜி1-ஐ ‘சிறு புயல்’ என்று எழுதியிருக்கிறார்கள். 2022 பிப்ரவரி 3-இல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 40 வரை இழந்தது அப்படி ஒரு சிறு புயலில்தான். 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டிருந்தார்கள். வளிமண்டல இழுவை முந்தைய ஏவல்களைவிட 50 சதவீதம் வரை கூடிவிட்டது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஏதாவது வைத்திருப்பவர்கள் ஜி பெட்டியின் விளக்க வரியைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடாது.

இப்போது நம் ஊர். கேபி குறியீட்டை எஸ்டபிள்யூபிசி எட்டு காந்த நிலையங்களிலிருந்து உடனுக்குடன் மதிப்பிடுகிறது: அலாஸ்காவின் சிட்கா, கனடாவின் ஒட்டாவா, ஜெர்மனியின் நீமெக், ஆஸ்திரேலியாவின் கான்பெரா என்று. ஒன்றுகூட காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இல்லை. அந்தக் கோடு திருநெல்வேலிக்குப் பக்கத்தில் போகிறது. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் அங்கே ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும், தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததும் அந்தக் கோட்டுக்காகத்தான். இங்கே ஜிபிஎஸ்ஸைக் கெடுப்பது பெரும்பாலும் புயல் இல்லை. சூரியன் மறைந்ததும் அயனமண்டலத்தின் அடியிலிருந்து கிளம்பி மேலே போகும் பிளாஸ்மா குமிழிகள்தான். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், சூரியச் சுழற்சி உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளில், இரவு 7 மணியிலிருந்து நள்ளிரவு வரை. அன்றைக்குக் கேபி 1 ஆக இருக்கலாம். முகப்பில் மூன்று பெட்டியும் பச்சையாகவே இருக்கும். புயல் நாளில் குமிழி எழும்பாமல் அமுங்கிப்போவதும் உண்டு. புயலின் முக்கியக் கட்டம் நம் அந்திநேரத்தோடு பொருந்தினால் இன்னும் மோசமாகக் கிளம்புவதும் உண்டு.

களத்தில் அறிகுறி இப்படி இருக்கும்: ரிசீவரில் இருபது செயற்கைக்கோள் தெரியும், ஆனால் ஃபிக்ஸ் ஃப்ளோட்டுக்கு இறங்கும் (சென்டிமீட்டர் துல்லியம் போய்விடும்), சில செயற்கைக்கோள்களின் சிக்னல் வலு நொடிக்கு நொடி பத்து டெசிபெல் ஏறி இறங்கும். பேஸ் ஸ்டேஷனைக் கிட்டே கொண்டுவந்தாலும் சரியாகாது, ஏனென்றால் பிழை தூரத்தால் வருவதில்லை, கேரியர் அலை அறுந்து அறுந்து வருகிறது. ஜிபிஎஸ்ஸின் எல்2, எல்5 அலைவரிசைகள் அதன் எல்1 அலைவரிசையைவிட (மேலே சொன்ன எல்1 புள்ளி வேறு) அதிகம் நடுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். செய்யக்கூடியது: எல்லா நாட்டுச் செயற்கைக்கோள் தொகுதிகளையும் ரிசீவரில் திறந்துவிடுங்கள், வானத்தின் ஒரு திட்டில் நாலு செயற்கைக்கோள் போனாலும் மீதி தாங்கும்; தாழ்வாக நிற்கும் செயற்கைக்கோள்களை ஒதுக்கும் மாஸ்க் கோணத்தை 15 பாகைக்கு ஏற்றுங்கள்; கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மாலை 6-க்குள் முடியுங்கள்; முடியாவிட்டால் அரை மணி, ஒரு மணி இடைவெளி விட்டு மறுபடி அளந்து ஒப்பிடுங்கள்.

இதற்கெல்லாம் எஸ்டபிள்யூபிசியில் உதவி மெலிதுதான். குளோடெக் என்ற பக்கத்தில் அயனமண்டலத்தின் மொத்த எலக்ட்ரான் அளவு உலகப் படமாக வருகிறது. ஒற்றை அலைவரிசை ரிசீவர் வைத்திருப்பவர்களுக்கு இது பயன்படும்: ஒரு அலகு கூடினால் எல்1 அலைவரிசையில் 16 சென்டிமீட்டர் தாமதம், பிற்பகலில் 100 அலகு என்றால் 16 மீட்டர். ஆனால் குமிழிகளை அந்தப் படத்தில் தேடாதீர்கள். படத்தின் கட்டங்கள் அவற்றைக் காட்டும் அளவுக்கு நுணுக்கமானவை இல்லை. ஜிபிஎஸ் பயனர்களுக்கென்று தனிப்பக்கம் வைத்திருக்கிறார்கள், அது அமெரிக்கக் கண்டத்தை நினைத்துச் செய்தது.

தெரியாமல் போனால் ஏமாற வைக்கும் சில விஷயங்கள் உண்டு. கோஸ்-16-க்கு முந்தைய செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் அளவை 0.7-ஆல் பெருக்கித்தான் வெளியிட்டு வந்தார்கள், இப்போது அந்தப் பெருக்கல் இல்லை. பழைய பட்டியலின் எக்ஸ்7-ம் இன்றைய எக்ஸ்10-ம் ஒன்றே. இரண்டையும் கலந்து ‘சுடர்கள் அதிகமாகிவிட்டன’ என்று வரைபடம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்து, சம இரவு மாதங்களை ஒட்டிக் கோஸ் செயற்கைக்கோள் தினமும் கொஞ்ச நேரம் பூமியின் நிழலுக்குள் போகும். மேற்கு 75 பாகையில் நிற்பதற்கு அது நம் நேரம் காலை 10:30 சுற்றி. எக்ஸ் கதிர்க் கோடு குழியில் விழுந்தால் சூரியன் அடங்கிவிட்டது என்று எண்ணாமல், மேற்கு 137 பாகையில் நிற்கும் இன்னொன்றின் கோட்டைப் பாருங்கள்.

எல்1 புள்ளியிலிருந்து வரும் தரவிலும் ஓட்டை உண்டு. 2025 ஜூலையில் டிஸ்கவர் செயற்கைக்கோள் முடங்கியபோது, 1997-இல் ஏவிய ஏஸ் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஏஸின் பிளாஸ்மா கருவி கடும் புரோட்டான் புயலில் திணறும். 2003-இல் வேகக் கணக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் அது காலை வாரியது. மாற்றாக எஸ்டபிள்யூஎஃப்ஓ-எல்1 2025 செப்டம்பர் 24-இல் கிளம்பியது. ஜேசான் கோப்பை நிரலில் இழுப்பவர்கள் இடைவெளியைச் சுழியமாக நிரப்பாதீர்கள். பி-இசட் சுழியம் என்றால் அமைதி என்று உங்கள் நிரல் புரிந்துகொள்ளும்.

27 நாள் கணிப்பு வாராவாரம் திங்கட்கிழமை வருகிறது. சூரியன் ஒரு சுற்றுச் சுற்றி அதே கரோனா துளை மறுபடி நம்மைப் பார்க்கும் என்பதுதான் அதன் அடிப்படை. துளையிலிருந்து வரும் வேகக் காற்றுக்குச் சரி, சிஎம்இக்கு உதவாது. இப்போதைய 25-ஆம் சூரியச் சுழற்சிக்கு 2019-இல் நிபுணர் குழு சொன்ன உச்சக் கரும்புள்ளி எண் 115, 2025 ஜூலையில். வந்தது 160 சுற்றி, 2024 அக்டோபரில். 2023 அக்டோபரில் திருத்திச் சொன்ன 137–173 என்ற வரம்பு பொருந்தியது.

மற்ற கடைகளையும் பார்த்துவிடலாம். பிரிட்டன் மெட் ஆபிஸின் குறிப்புகள் தெளிவானவை, இரண்டாவது கருத்துக்கு நல்லது. சிற்றலைக்கு ஆஸ்திரேலிய வானிலைத் துறையின் பக்கங்கள் நம் பக்கத்து வானத்துக்குக் கூடுதல் பொருத்தம். கொல்கத்தா ஐசரின் செஸ்ஸி மையம் இந்தியாவிலிருந்து முன்கணிப்பு வெளியிடுகிறது. 2024 ஜனவரி 6-இல் எல்1-ஐச் சேர்ந்த ஆதித்யாவின் தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் கிடைக்கிறது, ஆனால் அது ஆய்வாளர்களுக்கான கிடங்கு.

கடைசியாக மின்னஞ்சல் எச்சரிக்கை. இதற்கு மட்டும் பதிவு தேவை, அதுவும் இலவசம். எல்லாவற்றையும் டிக் செய்தால் சுறுசுறுப்பான வாரத்தில் அஞ்சல்பெட்டி நிரம்பி, பிறகு எதையுமே திறக்க மாட்டீர்கள். நம் ஊருக்குப் போதுமானவை நான்கு: எக்ஸ் கதிர் எம்5 தாண்டியது, திடீர் காந்தத் துடிப்பு எச்சரிக்கை, ஜி3-உம் அதற்கு மேலும் உள்ள கண்காணிப்பு அறிவிப்பு, கேபி 7 எட்டியது. எம்1 முதல் எம்4 வரை உள்ள சுடர்களுக்கு அஞ்சல் வராது என்பதால், பகலில் சிற்றலை வேலை வைத்திருப்பவர்கள் எக்ஸ் கதிர் வரைபடத்தைத் தனியாகத் திறந்துவைக்க வேண்டியிருக்கும்.